தேரிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

கன்னிவாடி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் போன வாரம் ஐந்து பேரும் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றீர்கள். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு மணல்மேடு, உச்சியில் ஒருவன் இரண்டு கையையும் விரித்து நிற்கிறான், கீழே ‘தமிழ்நாட்டின் ராஜஸ்தான்’ என்று எழுத்து. “தாத்தா, இது உங்க மாமனார் ஊர்ப் பக்கந்தானே? நாங்க போகப்போறோம், என்னென்ன பாக்கணும்?” என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பன்றிமலை பஸ் வந்துவிட்டது. அதனால் எழுதியே தருகிறேன்.

என் வீட்டுக்காரி உடன்குடிப் பக்கத்தவள். 1979-இல் கல்யாணம். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த மணலை மிதித்திருக்கிறேன். மலையடிவாரத்துக்காரன் மணலைப் பற்றிப் பேச வந்துவிட்டான் என்று அங்கே மைத்துனர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிறந்து வளர்ந்தவர்கள் கண்ணுக்குப் படாத சிலது மாப்பிள்ளையாகப் போனவன் கண்ணுக்குப் படும்.

1. முதலில் பெயர். அதைப் பாலைவனம் என்று சொல்லாதீர்கள். தேரி என்று சொல்லுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்திலும், திருநெல்வேலி மாவட்டத்தில் ராதாபுரம் பக்கமும், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கிடக்கிற செம்மணல் மேடுகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. நீங்கள் செல்போனில் பார்த்தது குதிரைமொழித் தேரி. சுமார் 12,000 ஏக்கர் என்பார்கள். மேட்டின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 60 மீட்டரைத் தாண்டும். பன்றிமலையைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அது ஒரு உயரமாகவே தெரியாது. பன்றிமலை பாறை. இது காற்று அள்ளி வந்து கொட்டியது. கொட்டிய காற்றை நினைத்துக்கொண்டு ஏறுங்கள், உயரம் தெரியும்.

ராஜஸ்தானோடு ஒப்பிடவும் வேண்டாம். ஜெய்சல்மேர்ப் பக்கத்து மணற்குன்றுகளைத் தேசியப் பூங்காவாக்கிக் காக்கிறார்கள். அங்கே மழையே அபூர்வம். தேரியில் ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊற்றும். அடியில் நல்ல தண்ணீர் இருக்கும். சுற்றிலும் பனை நிற்கும். மழை பெய்கிற ஊரில் மணல் குன்றாக நிற்கிறது, அதைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

2. ரயிலில் போங்கள். பாலக்காட்டிலிருந்து பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகத் திருச்செந்தூர் போகிற வண்டி ஒன்று இருக்கிறது. ஆறுபடை வீடுகளில் பழனியையும் திருச்செந்தூரையும் ஒரே டிக்கெட்டில் கோத்துவிட்ட வண்டி. கார் வைத்துக்கொண்டு நாலுவழிச் சாலையில் பறந்தால் ஒரு முக்கியமான காட்சி தவறிப்போகும். திருநெல்வேலி தாண்டியதும் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர். தாமிரபரணிக் கால்வாய் பாய்கிற இடமெல்லாம் நெல்லும் வாழையுமாகக் கண் கூசும் பச்சை. அந்தப் பச்சை முடிந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் ஒரு சொட்டு வாய்க்கால் தண்ணீர் ஏறாத செம்மணல் மேடு. இரண்டையும் ஒரே மணி நேரத்தில் பார்த்தவனுக்குத்தான் தேரி என்னவென்று புரியும். நேராகத் தேரியில் போய் இறங்குகிறவன் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

3. எப்போது போவது என்பதை லீவு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஆனி, ஆடி, ஆவணியில் போனால் தேரி வேலை செய்வதைப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையில் மழையை இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறுங்காற்றாகப் புகுந்து வரும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுவது அந்தக் காற்றுதான். நமக்கு இது புதிதில்லை. பழனிமலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்த காற்று இந்தப் பக்கம் இறங்கும்போது நம் கூரைத் தகரத்தை ஆட்டுவதோடு சரி, சொட்டு மழை தராது. அதே கதைதான் அங்கேயும். ஆனால் அங்கே அந்தக் காற்று நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் காய்ந்த செம்மண் தரையைச் சுரண்டி எடுத்துக் கிழக்கே கொண்டுபோய்க் கடலோரத்துக்கு முன்னால் போட்டது, அப்படிப் போட்டுப் போட்டு எழுந்ததுதான் தேரி என்று ஒரு கட்சி. பனியுகத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிக் கிடந்தபோது வெளியே தெரிந்த கடலடி மணலைக் காற்று கரைக்கு ஏற்றியது, பிறகுதான் சிவந்தது என்று இன்னொரு கட்சி. எப்படியானாலும் பல ஆயிரம் ஆண்டு வேலை. ஆடியில் மேட்டின் முதுகில் முட்டி உயரத்துக்குச் சிவப்பாக ஒன்று ஓடும், புகை மாதிரி. அது மணல். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து பேசாதீர்கள்.

மாசி, பங்குனியில் போனால் பதனீர் உண்டு. சித்திரையில் நுங்கு உண்டு, ஆனால் வெயில் மூளையை உருக்கிவிடும். தை மாதம் பனங்கிழங்கு. என்னைக் கேட்டால் கார்த்திகை. ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் காலை. மணல் ஈரத்தில் கறுத்து இறுகி, நடந்தால் கால் புதையாமல், மேடெங்கும் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சை முளைத்திருக்கும். குனிந்து பார்த்தால் தம்பலப்பூச்சி ஊரும். சிவப்பு மணலில் அதைவிடச் சிவப்பாக ஒரு பூச்சி. என் பேத்தி அதைப் பார்த்து “மணலுக்கே கால் முளைச்சிருச்சு தாத்தா” என்றாள்.

4. அனுமதி. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வெறும் மணல்தானே, யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். நம் கன்னிவாடி வனச்சரகத்தில் மலைக்குள் நுழைந்தால் ஆனைக்கும் காட்டெருமைக்கும் பயந்தாவது காவலரிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். அங்கே ஆனை இல்லை என்பதால் சட்டம் இல்லாமல் போய்விடாது. காட்டின் ஊடே போகிற சாலையும் கோயில்களும் எல்லாருக்கும் பொது. சாலையை விட்டு உள்ளே நடக்க வேண்டுமென்றால் முன்னதாகவே திருச்செந்தூர் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். எத்தனை பேர், எதற்கு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். இல்லை என்றால் இல்லை. சாலையோரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், அதுவே நிறைய. டிரோன் கொண்டுபோவதாக ஒருவன் சொன்னீர்கள். வேண்டாம்.

5. இனி நடப்பது பற்றி. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, நான் அங்கே வழி தவறியவன்.

கல்யாணமான வருஷம், தலை ஆடிக்கு அழைத்திருந்தார்கள். மாமனாருக்குத் தெரியாமல் ஒரு பீடி குடிக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு ‘சும்மா காலாற’ என்று சொல்லிவிட்டுத் தேரியில் ஏறினேன். ஒரு மேடு, அதற்கப்பால் இன்னொரு மேடு. பீடி முடிந்து திரும்பிப் பார்த்தால் வந்த காலடி ஒன்றுகூட இல்லை. காற்று துடைத்து வைத்திருக்கிறது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி மணல், ஒரே மாதிரி உடைமரம். மலையில் வழி தவறினால் ஓடை பிடித்து இறங்கலாம் என்று நமக்குத் தெரியும். மணலில் ஓடை ஏது? பெய்கிற மழையெல்லாம் அப்படியே உள்ளே இறங்கிவிடும். இரண்டு மணி நேரம் சுற்றினேன். செருப்பு அறுந்து, மணல் சுட்டு, நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஆடு மேய்க்கிற பாட்டி ஒருத்தி கண்டுபிடித்தாள். “மாப்ளைக்கி வீட்டு வழி தெரியலியாக்கும்” என்று சிரித்துவிட்டுச் சொன்னாள்: “ஆடிக் காத்த முதுகில வாங்கிட்டு நட, கடல் பக்கமாப் போயிருவ. நடுவுல ரோடு வரும்.”

அது மேல்காற்றுக் காலத்துக்கான சூத்திரம். மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது காற்றை முதுகில் வாங்கி நடந்தால் கடலைவிட்டு விலகித்தான் போவீர்கள். ஆகவே காற்றையும் மாதத்தையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். மேட்டில் ஏறியதும் ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பார்த்து, தூரத்தில் ஒரு கோபுரம், ஒரு தண்ணீர்த்தொட்டி, ஒரு தனிப்பனை என்று இரண்டு அடையாளமாவது பிடித்துக்கொள்ளுங்கள். செல்போன் வழிகாட்டும் என்பீர்கள். வெயிலில் சூடேறி அணைந்துபோன செல்போனை நான் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். காலை பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். மறுபடி ஏறுவது நாலு மணிக்கு மேல்.

6. வெறுங்காலோடு மணலில் ஓடி வீடியோ எடுக்கிற ஆசை வேண்டாம். உடைமுள் வெள்ளையாக, நீளமாக, மணலுக்குள் குத்திட்டு நிற்கும். ரப்பர் செருப்பையும் தாண்டி ஏறும்.

7. நிறத்தைப் பாருங்கள், ஆனால் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்புங்கள். காலை ஆறரைக்கு ஒரு சிவப்பு, நண்பகலில் வெளுத்த சிவப்பு, மாலையில் ரத்தம். மணிக்கு மணி மாறுவது வெளிச்சம்தான். மணல் என்னவோ உள்ளுக்குள் வெள்ளை. ஒவ்வொரு மணியும் பளிங்குக் கல் துகள். அதன் மேல் மெல்லிய இரும்புத்துரு பூசியிருக்கிறது. மணலோடு கலந்து வந்த இரும்புக் கனிமம் மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டுச் சிதைந்து, ஒவ்வொரு மணியையும் சாயத்தில் தோய்த்துவிட்டது. அமிலத்தில் கழுவினால் சிவப்பு போய்விடும். நம் ஊர்ச் செவக்காட்டு மண்ணின் சிவப்பும் இரும்பால் வந்ததுதான்.

பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்குமே, அந்தக் காந்தம் ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பள்ளத்தில் கறுப்புக் கோடு கோடாகத் தெரிகிற இடத்தில் வைத்து எடுத்தால் கறுப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை வெளியே எடுத்துவிட்டுப் பையை உதறினால் விழுந்துவிடும். அங்கேயே உதறிவிடுங்கள். அந்தக் கறுப்பு மணலுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

8. கல் கிடந்தால் எடுக்காதீர்கள். மணலில் கல் ஏது என்று கேட்க வேண்டும் நீங்கள். அதுதான் சரியான கேள்வி. காற்று மணலைத் தூக்கும், கல்லைத் தூக்காது. அப்படியானால் தேரியில் கிடக்கிற கல்லை யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள்.

காற்று அரித்த பள்ளங்களில், பழைய இறுகிய மணல் வெளியே தெரிகிற இடங்களில், விரல் நகம் அளவில் கூர்மையான சில்லுகள் கிடக்கும். சில வெள்ளைக் கல், சில பழுப்புக் கல்; தேரியில் கிடந்து கிடந்து எல்லாமே சிவப்பேறியிருக்கும். வேட்டையாடித் திரிந்த மனிதர்கள் தட்டிச் செதுக்கி, அம்பு முனைக்கும் கத்தி விளிம்புக்கும் கட்டிப் பயன்படுத்திய நுண்கற்கருவிகள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் தேரியிலும் இவற்றைச் சேகரித்தார். 1956-இல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு அறிஞர்கள் திருநெல்வேலித் தேரிக் கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். உலகத்தில் கற்காலம் படிக்கிறவர்களுக்கு ‘தேரி’ என்ற தமிழ்ச் சொல் அப்போதிலிருந்து பழக்கம். ரயிலில் போகும்போது ஆதிச்சநல்லூரைத் தாண்டித்தான் போவீர்கள்; அங்கே தாழியில் புதைத்தவர்கள் இரும்பு கண்டவர்கள். தேரிக்காரர்கள் அவர்களுக்கும் வெகு முந்தியவர்கள்.

அந்தச் சில்லு எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். நீங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் அது வெறும் கல். பார்த்தால் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். நான் 1985-இல் ஒன்றை எடுத்து வந்தேன். எங்கே எடுத்தேன் என்று இன்றைக்கு எனக்கே தெரியாது. அலமாரியில் கிடக்கிறது, யாருக்கும் உதவாமல்.

9. சுள்ளி ஒடிக்காதீர்கள், காய்ந்ததைக்கூட. எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

தேரி தானாக நிற்கவில்லை. ஒரு காலத்தில் அது நடந்துகொண்டிருந்தது. கிழக்கு நோக்கி மெல்ல நகர்ந்து வயலை மூடியது, கிணற்றை மூடியது, ஊரை மூடியது. சாத்தான்குளம் பக்கம் சொக்கன்குடியிருப்பில் மணல்மாதா கோயில் இருக்கிறது. மணலுக்குள் புதைந்து கிடந்து மீண்ட கோயில் என்று அந்த ஊரார் சொல்வார்கள். காவிரிக் கரையில் கர்நாடகத்துத் தலக்காட்டில் கோயில்களையே ஆற்றுமணல் மூடியதே, அந்த மாதிரி. மணலை நிறுத்தியது மதில் இல்லை, வேர். பனங்கொட்டை ஊன்றினார்கள். உடை விதைத்தார்கள். வேலிக்கு முள் வெட்டிப் போட்டு, அதன் மேல் மணல் ஏறினால் மறுபடி முள் போட்டார்கள். வனத்துறை கொல்லாமரம் வைத்தது. முந்திரியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஊர்க்காரர்களும் அரசாங்கமும் தலைமுறை தலைமுறையாக நட்டுத்தான் அந்த மணல் இன்றைக்கு நீங்கள் போட்டோ எடுக்க வசதியாக ஓரிடத்தில் நிற்கிறது.

உடைமரத்தைப் பாருங்கள். குடை பிடித்த மாதிரி தட்டையான தலை, கீழே ஆடுகள் ஒண்டிக் கிடக்கும். அதன் நெற்று ஆட்டுக்குத் தீனி, முள் வேலிக்கு, நிழல் மனுஷனுக்கு. உதிர்ந்த சுள்ளியும் சருகும் தரையில் கிடக்கும் வரை காற்றுக்கு மணல் மேல் பிடி கிடைக்காது. நீங்கள் டீ போடலாம் என்று நாலு சுள்ளியைப் பொறுக்கினால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தொடங்கும். அடுத்த ஆடியில் அது பெரிதாகும். மழைக்குப் பிறகு மணல் மேல் மெல்லிய ஓடு கட்டியிருக்கும். ஒருவர் பின் ஒருவராக ஒரே தடத்தில் நடந்தால் ஓடு ஓரிடத்தில்தான் உடையும். பரந்து விரிந்து நடப்பது, சறுக்கி விளையாடுவது, எல்லாம் கடற்கரையில் வைத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூரில் கடல் இருக்கிறது.

மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்றுகிறவர்களைப் பற்றி எழுதினால் பேனா கெட்டுவிடும். ஒரு தடவை ஜீப்பில் கூட்டிப் போகிறேன் என்று ஆளுக்கு இவ்வளவு என வாங்கிக்கொண்டு ஒருவர் எங்களை ஏற்றிப்போனார். பாதியில் சக்கரம் புதைந்தது. அதை வெளியே எடுக்க இரண்டு இளம் உடைமரத்தை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

10. மனிதர்களைப் பார்க்காமல் மணலை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். தேரியின் ஓரங்களில் ‘விளை’ என்று சொல்லப்படும் தோட்டங்கள் இருக்கும். ஊர்ப் பெயர்களில் பாதி அந்த விளையில் முடியும். பனங்கன்று வளர்ந்து வருகிற பருவத்துக்கு வடலி என்று பெயர். நீங்கள் யாரிடம் பேசினாலும் ‘அண்ணாச்சி’ என்று ஆரம்பியுங்கள், பெண்கள் என்றால் ‘அக்கா’. நம் ஊரில் எல்லாரையும் ‘ஏப்பா’ என்று கூப்பிடுகிற பழக்கத்தைத் திண்டுக்கல்லிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

பனையேறும் ஒருவரையாவது விடிகாலையில் பாருங்கள். இடுப்பில் பாளை அருவாள், கையில் ஊன்றி ஏற முருக்குத்தடி. காலையும் மாலையும் ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். ஒருநாள் விட்டால் சுரப்பு நின்றுபோகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதனீர். தடவாவிட்டால் கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். பனையோலையை மடித்துப் பட்டை செய்து அதில் ஊற்றித் தருவார்கள். கப் கேட்காதீர்கள். குடித்து முடித்து விலை கேளுங்கள், சொன்னதைக் கொடுங்கள். ஒரு மரத்துக்கு ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறார் என்று கூட்டிப் பார்த்தால் பேரம் பேச வாய் வராது. அவர் ஏறும்போது கீழே நின்று செல்போனைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், கேட்டுக்கொண்டு எடுங்கள்.

இந்தப் பனை நாட்டைப் பற்றி நிறைய எழுதியவர் கால்டுவெல். 1841-இல் இடையன்குடிக்கு வந்து அந்தச் செம்மணலுக்கு நடுவிலேயே பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது அவர் விலாசம் ஒரு தேரி ஊர்தான். நேரமிருந்தால் இடையன்குடிக்கும் போய்வாருங்கள், அவர் வீடும் கட்டிய தேவாலயமும் இருக்கின்றன.

11. கோயில்கள் இரண்டு. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார்; பெயரிலேயே சுனை இருக்கிறது. மணலுக்குள் இறங்கிய மழை எங்கே போகிறது என்ற கேள்விக்கு அந்தச் சுனைக்கரையில் உட்கார்ந்தால் பதில் கிடைக்கும். தேரி ஒரு பெரிய பஞ்சு. குடித்த தண்ணீரை மெல்ல ஓரங்களில் விடும். கடல் பக்கத்திலேயே இருந்தும் சுற்றுவட்டத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதில் அந்த மணலுக்குப் பங்குண்டு.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். டிசம்பர் நடுவில் கள்ளர்வெட்டுத் திருவிழா. கோயிலுக்குப் பின்னால் தேரி மணலில் இளநீர் வெட்டுவார்கள், அந்த ஈரம் பட்ட மணலைப் பிடி பிடியாக எடுத்துப்போய் வீட்டிலும் வயலிலும் வைப்பார்கள். காப்புக்காட்டில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டு, இதற்கு என்ன சொல்வேன்? அந்த மணலோடு மல்லுக்கட்டி வாழ்ந்தவர்கள் வருஷத்துக்கு ஒருநாள் ஒரு பிடியைச் சாமியிடம் கேட்டு வாங்கிப் போகிறார்கள். கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து டிவி மேல் வைக்க நீங்கள் எடுப்பது வேறு. லாரியில் ஏற்றுகிறவன் எடுப்பது இன்னும் வேறு. திருவிழா நாளில் போனால் கூட்டத்தைப் பாருங்கள், தேரியைப் பார்க்க முடியாது.

12. விடிகாலையில் மணலைப் படியுங்கள். ராத்திரி நடந்ததெல்லாம் எழுதியிருக்கும். வண்டு போனது தையல் போட்ட மாதிரி, முயல் தாவியது, மயில் இழுத்துப்போன தோகை. பக்கவாட்டில் கோடு கோடாகச் சரிந்திருந்தால் சுருட்டைவிரியன் போன தடம். உங்கள் விரல் நீளம்தானே என்று குட்டியைக் குச்சியால் நோண்டாதீர்கள், விஷம் விஷம்தான். புனல் மாதிரிக் குட்டிக் குழிகள் இருந்தால் அடியில் குழிநரிப் பூச்சி எறும்புக்குக் காத்திருக்கும்.

வெயில் ஏறினால் சின்ன ஓணான் ஒன்று நிமிர்ந்து நின்று தொண்டையை விசிறி மாதிரி விரித்து விரித்து மடக்கும். இந்த விசிறித்தொண்டை ஓணான் இனத்தில் தென்தமிழ்நாட்டிலிருந்து ஒன்றை 2016-இல் புதிதாக அறிவித்தார்கள். அதற்கு வைத்த பெயரில் மருதமும் நெய்தலும் சேர்ந்திருக்கின்றன. லத்தீன் வாலுக்குப் பதிலாகத் திணைப் பெயர் வாங்கிய ஓணான். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

13. கறுப்பு மணல் கதை. தேரிச் செம்மணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான் போன்ற கனமான கனிமங்கள் கலந்திருக்கின்றன. இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கலாம். பெயிண்டை வெள்ளையாக்குகிற பொருள் அது. உங்கள் வீட்டுச் சுவரின் வெள்ளைக்குள் இப்படி ஒரு சிவப்பு மணல் இருக்கலாம். சாத்தான்குளம் வட்டாரத்தில் டாடா ஸ்டீல் நிறுவனம் அதற்கு ஆலை அமைக்க வந்தபோது, 2007-இல், நிலம் போய்விடும், நிலத்தடி நீர் போய்விடும் என்று மக்கள் எதிர்த்தார்கள். அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது. வேலை வந்திருக்குமே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறவர்கள் என் மைத்துனர் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளெல்லாம் சென்னையில் மளிகைக் கடையில் நிற்கிறார்கள். ஆனால் மணலைச் சலித்துக் கனிமத்தை எடுத்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொட்டினால் அது தேரியாக இருக்காது. பனை வேர் பிடித்த மணல் வேறு, கொட்டிய மணல் வேறு. பக்கத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் போட்டாயிற்று. ரோடுகள் அகலமாகும், லாட்ஜ்கள் வரும், உங்களைப் போல ஆயிரம் பேர் வருவார்கள். நீங்கள் பார்க்கிற தேரியை உங்கள் பிள்ளைகள் அப்படியே பார்ப்பார்கள் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

14. தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை எல்லாம் பையில் திரும்பி வரவேண்டும். புதைத்தேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் காலடியை ஒரு மணி நேரத்தில் அழிக்கிற காற்று, நீங்கள் புதைத்த பாட்டிலை அடுத்த ஆடிக்குள் தோண்டி வெளியே போட்டுவிடும்.

15. வெள்ளைச் சட்டை வேண்டாம். துவைத்தாலும் போகாது.

16. திரும்பும்போது கருப்பட்டி வாங்கலாம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர் இருப்பதால் சீனி கலந்ததும் அதே பெயரில் விற்கிறது. ரோட்டோரம் மலிவாக அடுக்கி வைத்திருப்பதைத் தொடாதீர்கள். பதனீர் குடித்தீர்களே, அந்த அண்ணாச்சியிடமே கேளுங்கள், யார் வீட்டில் காய்ச்சுகிறார்கள் என்று சொல்வார். பாட்டிக்குச் சுக்கு தட்டிப் போட்ட சில்லுக்கருப்பட்டி அரைக் கிலோ. ஓலைக்கொட்டானில் கட்டித் தரச் சொல்லுங்கள், பாலித்தீன் பையில் வைத்தால் வியர்த்துவிடும். காசு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.